பவளத்திட்டின் மேல் ஒரு கண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்சீனக் கடலின் தகராறுக்குரிய தீவுகளில் நிறுவப்பட்டுள்ள ரேடார்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கச் செய்திக் குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய வட ஆற்காட்டில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் குறைவு என்பதால் இந்த ஆர்வத்தில் வியப்பும் இல்லை. இப்பகுதியை எழுதி வருபவன் விமானப்படையில் ரேடார் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தென்சீனக் கடலில் எந்தத் தீவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள்? அவை உண்மையில் தீவுகள்தாமா? (ராணிப்பேட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்)

இரண்டு கூட்டங்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். வடக்கே வியட்நாமுக்கும் சீனாவின் ஹைனான் தீவுக்கும் அருகில் இருப்பவை பாரசெல் தீவுகள். 1974 ஜனவரியில் நடந்த கடற்போருக்குப் பிறகு அவை முழுவதும் சீனாவின் கையில் உள்ளன. தெற்கே பிலிப்பைன்ஸ், மலேசியா, வியட்நாம் ஆகியவற்றுக்கு நடுவில் சிதறிக் கிடப்பவை ஸ்ப்ராட்லி தீவுகள். இவற்றைச் சீனா, தைவான், வியட்நாம் ஆகியவை முழுமையாகவும் பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகியவை பகுதியாகவும் உரிமை கோருகின்றன.

ஸ்ப்ராட்லியில் சீனா பிடித்து வைத்திருக்கும் ஏழு இடங்களும் பவளத்திட்டுகள். சிலவற்றில் கடல் பொங்கும் நேரத்தில் ஓரிரு பாறைகள் மட்டும் தலைகாட்டும். சிலவற்றில் அதுவும் தெரியாது. 2013 இறுதியில் தொடங்கி அடுத்த இரண்டாண்டுகளுக்குள் கடலடி மணலையும் பவளத்தையும் உறிஞ்சிக் கொட்டிச் சுமார் 3,200 ஏக்கர் நிலத்தைச் சீனா உருவாக்கியதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. ஃபயரி கிராஸ், சூபி, மிஸ்சீஃப் என்ற மூன்று திட்டுகளில் போர் விமானங்கள் இறங்கத்தக்க நீண்ட ஓடுதளங்கள் உள்ளன. வியட்நாமும் தன்வசமுள்ள திட்டுகளில் 2021 இறுதியிலிருந்து பெரிய அளவில் மண் கொட்டி வருகிறது. தைவானும் பிலிப்பைன்சும் மலேசியாவும் தத்தம் தீவுகளில் ஓடுதளம் வைத்திருக்கின்றன. ஒரு நாடு மட்டும் செய்த காரியம் அன்று இது. ஆனால் சீனா செய்த அளவுக்கு அவ்வளவு விரைவில் வேறு எவரும் செய்யவில்லை.

ஒரு பழைய செய்தியையும் நினைவில் வையுங்கள். ஃபயரி கிராஸ் திட்டில் சீனா முதன்முதலாக 1988-இல் கால் ஊன்றியது, உலக அளவிலான கடல்மட்ட ஆய்வுக்காக ஒரு கண்காணிப்பு நிலையம் கட்டுவதாகச் சொல்லித்தான். 1995-இல் மிஸ்சீஃப் திட்டில் எழுந்த குடில்களை மீனவர் ஒதுங்குமிடம் என்றார்கள். 2015 செப்டம்பரில் வாஷிங்டன் சென்ற சீன அதிபர் ஷி ஜின்பிங், இத்தீவுகளை ராணுவமயமாக்கும் எண்ணம் இல்லை என்றார். இந்த வரிசையைப் பார்க்கும்போது, ஒரு கட்டடத்துக்குச் சூட்டப்படும் பெயரை அப்படியே நம்புவது நல்லதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஒரு செய்தியில் அந்த ரேடார் 40 கிலோமீட்டர் பார்க்கும் என்கிறார்கள், மற்றொன்றில் 400 கிலோமீட்டர் என்கிறார்கள். எது உண்மை? (குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்)

ஐயா, இரண்டும் உண்மையாக இருக்கலாம். எதைப் பார்ப்பது, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு விவரங்கள் இல்லாமல் சொல்லப்படும் தூரக் கணக்கு வெறும் எண்தான். நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் வாய்பாட்டையே தருகிறேன். ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. ரேடாரின் உயரத்தையும் இலக்கின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால், அடிவானத்தால் மறையாத அதிகபட்ச தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதும் இந்த 4.12-க்குள் அடங்கிவிட்டது.

இப்போது பவளத்திட்டில் 20 மீட்டர் கோபுரத்தின் மேல் ஒரு ரேடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் உயரமுள்ள ஒரு கப்பல் அதற்குச் சுமார் 39 கிலோமீட்டரில் தெரியத் தொடங்கும். கடலுக்கு 100 மீட்டர் மேலே பறந்து வரும் விமானம் 60 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட சாலைத் தூரம்கூட அல்ல அது. ஆனால் 10,000 மீட்டர் உயரத்தில் செல்லும் பயணிகள் விமானம் 430 கிலோமீட்டர் வரை தெரியும். சென்னைக் கடற்கரையில் அதே ரேடார் இருந்தால், வேலூருக்கு மேலே பறப்பதும் தெரியும், பெங்களூரைத் தாண்டிப் பறப்பதும் தெரியும். ஒரே கருவி, ஒரே கோபுரம். இலக்கின் உயரம் மாறியதால் தூரம் பத்து மடங்கு மாறிவிட்டது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கடல் அலையை உரசுவதுபோல் 10 மீட்டர் உயரத்தில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஏவுகணை வருகிறது. அது அந்த ரேடாருக்குத் தெரியும்போது 31 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் என்றால், கண்டுபிடித்து, உறுதிசெய்து, எதிர்ப்பதற்கு மொத்தம் இரண்டு நிமிடந்தான். எனவேதான் உலகெங்கும் ரேடாரை மலையில் வைக்கிறார்கள். வேலூரைப் பாருங்கள்: கீழே அகழியோடு ஒரு கோட்டை இருந்தும், கிழக்கே மலைமேலும் கோட்டை கட்டினார்கள் அல்லவா? பார்வைக்கு உயரம் வேண்டும் என்ற அதே கணக்குத்தான். பவளத்திட்டுக்கு அந்த வசதி இல்லை. அங்கே மலை இல்லை. மனிதன் கொட்டிய மணல்மட்டந்தான் தரை.

உயரம் இருந்தாலும் ஆற்றல் ஒரு தடையாக நிற்கிறது. அலை போகும்போதும் பரவுகிறது, எதிரொலியாகத் திரும்பும்போதும் பரவுகிறது. ஆகவே பார்க்கும் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், மற்றவை மாறாதிருக்க, ஆற்றலைப் பதினாறு மடங்காக்க வேண்டும். நிலக்கரியோ நீர்மின்சாரமோ இல்லாத ஒரு திட்டில் இதற்கான மின்சாரத்தை டீசலை ஏற்றிக் கொண்டுபோய்த்தான் பெரும்பாலும் தயாரிக்க வேண்டும்.

வாய்பாட்டுக்கு அடங்காத ஒன்றும் உண்டு. மார்கழிக் காலையில் ஏலகிரியின் மேலிருந்து பார்த்தால், பனிமூட்டம் கீழே சமவெளியோடு படிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் இருக்கும் நிலை அது. அத்தகைய அடுக்கு அமைந்தால் ரேடார் அலை அதற்குள் சிக்கி, குழாய்க்குள் ஓடும் நீர்போல் பூமியின் வளைவை ஒட்டியே வெகுதூரம் போகும். வெப்பக் கடல்களில் நீர் ஆவியாவதாலேயே கடல்பரப்பை ஒட்டி இப்படிப்பட்ட ஓர் அடுக்கு அடிக்கடி உருவாகிறது. அந்த நாளில் 39 கிலோமீட்டர் என்ற கணக்கு பொய்த்து, கப்பல் அதைவிட வெகுதொலைவிலேயே தெரிந்துவிடும். மறுநாள் காற்று மாறினால் தெரியாது. பருவத்தை நம்பி விவசாயம் செய்பவருக்குள்ள கவலை ரேடார் இயக்குபவருக்கும் உண்டு.

கேள்வி: அடிவானத்துக்கு அப்பாலும் பார்க்கும் ரேடார் இருக்கிறதாமே? அது எப்படி முடியும்? (வாணியம்பாடியிலிருந்து வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவர்)

இதற்கான விடையைத் தாங்கள் இளமையில் இரவுதோறும் கேட்டிருப்பீர்கள். பகலில் கரகரக்கும் இலங்கை வானொலி, பொழுது சாய்ந்ததும் வாணியம்பாடியில் தெளிவாகக் கேட்கும் அல்லவா? வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள அயனி அடுக்கு அந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் ஏற்படுவது அது. அதே முறையில் சிற்றலை எனப்படும் ஷார்ட்வேவ் வானொலி அலைகளை மேலே அனுப்பி, அயனி அடுக்கில் பட்டுத் தொலைவில் இறங்கச் செய்து, அங்கிருந்து திரும்பும் எதிரொலியைக் கேட்பது ஒரு வகை. ஆஸ்திரேலியா தன் வடக்குக் கடல்களை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படித்தான் கண்காணிக்கிறது. ஆனால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் ஆண்டெனா வரிசை வேண்டும். அருகில் இருப்பதோ தெரியாது. ஒரு பவளத்திட்டுக்கு அது பொருந்தாது.

திட்டுக்குப் பொருந்துவது இரண்டாவது வகை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள், உப்பு நீரின் மின்கடத்தும் தன்மையால் கடல்பரப்பை ஒட்டியே வளைந்து செல்லும். நல்ல நிலையில் 200 கடல்மைல், அதாவது 370 கிலோமீட்டர் வரை பெரிய கப்பல்களை இதனால் அறிய முடியும். அலைநீளமே 10 முதல் 100 மீட்டர் என்பதால் இதற்குக் கிண்ணம் போன்ற ஆண்டெனா பயன்படாது. வெட்டவெளியில் உயரமான கம்பங்களை வரிசையாக நட வேண்டும்.

குவார்ட்டெரான் என்ற திட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது இதனால்தான். ஸ்ப்ராட்லியில் சீனா வைத்திருக்கும் இடங்களிலேயே தென்கோடியில் உள்ளது அது. 2016 பிப்ரவரியில் வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு மையம் வெளியிட்ட செயற்கைக்கோள் படங்களில், அங்கே புதிதாகக் கொட்டிய மணல்வெளியில் சுமார் 20 மீட்டர் உயரமுள்ள கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ஓடுதளம் இல்லாத, சிறிய திட்டு அது. மலாக்கா நீரிணையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வடக்கே வரும் கப்பல்கள் செல்லும் பாதையை நோக்கிய திசையில் இருக்கிறது. ஏவுகணையும் ஓடுதளமும் தலைப்புச் செய்தியாகும்போது, ஒரு மணல்வெளியில் நடப்பட்ட கம்பங்களை யாரும் படமெடுத்துப் பெரிதாகப் போடுவதில்லை. என்னைக் கேட்டால், அந்த ஏழு திட்டுகளிலும் கூர்ந்து பார்க்க வேண்டியது அந்தக் கம்பங்களைத்தான்.

குறையும் உண்டு. கடல் அலைகளும் அதே சிற்றலையைத் திருப்பி எதிரொலிக்கும். கடல் அலையின் வேகத்தை ஒத்து மெதுவாகச் செல்லும் படகு அந்த இரைச்சலுக்குள் மறைந்துபோகும். இலக்கின் இடத்தையும் சில கிலோமீட்டர் தோராயத்தில்தான் சொல்லும். 'அந்தத் திசையில் ஒரு கப்பல் போகிறது, போய்ப் பார்' என்று ரோந்துக் கப்பலை அனுப்ப அது போதும். குறிபார்த்துச் சுட அது போதாது.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத விமானம் என்று சொல்லப்படும் ஸ்டெல்த் விமானத்தையும் கண்டுபிடிக்கும் ரேடாரைத் தீவில் வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே? (ஆம்பூரிலிருந்து பொறியியல் பட்டதாரி ஒருவர்)

பாரசெல் கூட்டத்தில் வியட்நாமுக்கு மிக அருகில் உள்ள ட்ரைட்டன் தீவைப் பற்றிய செய்தி அது. 2024 அக்டோபரில் லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அங்கே மீட்டர் அலைநீளத்தில் இயங்கும் ரேடார் ஒன்று எழுவதாகக் கூறியது.

ஸ்டெல்த் விமானத்தின் சாய்வான பக்கங்களும் மேற்பூச்சும் பெரும்பாலும் சென்டிமீட்டர் அலைநீள ரேடார்களுக்கு எதிராக வடிவமைக்கப்பட்டவை. அலைநீளம் மீட்டர் கணக்கில் வந்து, விமானத்தின் வால், இறக்கை நுனி போன்ற பகுதிகளின் அளவை நெருங்கிவிட்டால், அந்த வடிவ நுணுக்கம் அவ்வளவாகப் பலிக்காது. அதனால் ஏதோ ஒன்று வருகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் எங்கே என்பது துல்லியமாகத் தெரியாது. 2 மீட்டர் அலையை 20 மீட்டர் அகல ஆண்டெனாவிலிருந்து அனுப்பினால் அதன் கற்றை சுமார் 6 பாகை விரிந்திருக்கும். 200 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கற்றையின் அகலம் 20 கிலோமீட்டர். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. பல ஆண்டெனாக்களின் எதிரொலிகளைக் கணினியால் சேர்த்துக் கணக்கிட்டு இந்தத் தோராயத்தைக் குறைப்பதற்குத்தான் இன்றைய முயற்சிகள் நடக்கின்றன.

மீட்டர் அலை ரேடார் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் வழியில் உள்ள காதங்கியில் நம் நாட்டின் வளிமண்டல ஆய்வு ரேடார் இருக்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அந்தப் பகுதியும் வட ஆற்காடுதான். 53 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அலைநீளம். 130 மீட்டருக்கு 130 மீட்டர் சதுர நிலத்தில் 1,024 ஆண்டெனாக்கள் நாற்றங்காலில் நட்டதுபோல் நிற்கின்றன. அது காற்றோட்டத்தை அளக்கும் ஆராய்ச்சிக் கருவி. ராணுவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அலைநீளம் கூடினால் நிலம் எவ்வளவு வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கேள்வி: படத்தில் வெள்ளை உருண்டை தெரிந்தால் அது ரேடார் என்று முடிவு கட்டலாமா? (ஆற்காட்டிலிருந்து பத்திரிகை முகவர் ஒருவர்)

கூடாது. அந்த உருண்டை, மழையும் காற்றும் ஆண்டெனாவைத் தாக்காமல் காக்கும் கண்ணாடியிழைக் கூடு மட்டுமே. உள்ளே கண்காணிப்பு ரேடார் இருக்கலாம், மழை மேகத்தைப் பார்க்கும் வானிலை ரேடார் இருக்கலாம், செயற்கைக்கோள் தொடர்புக் கிண்ணம் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம்.

இந்த எச்சரிக்கையை நாம் சொந்த அனுபவத்தில் கற்றிருக்கிறோம். அந்தமானின் வடமுனைக்கு அருகில் மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகளில் சீனா ஒற்றுக்கேட்கும் நிலையம் வைத்திருப்பதாகத் தொண்ணூறுகளிலிருந்து ஓயாமல் எழுதப்பட்டது. 2005-இல் நம் கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அருண் பிரகாஷ், அங்கே சீனாவின் ரேடாரோ கண்காணிப்பு நிலையமோ இல்லை என்ற உறுதியான தகவல் இருப்பதாகக் கூறினார். பிறகு 2023-இல் வெளியான செயற்கைக்கோள் படங்களில் கிரேட் கோகோ தீவின் ஓடுதளம் 2,300 மீட்டராக நீண்டிருப்பதும் புதிய விமானக் கொட்டகைகள் எழுந்திருப்பதும் தெரிந்து, பேச்சு மீண்டும் தொடங்கியது. நீண்ட ஓடுதளம் என்பது படம் சொல்லும் உண்மை. அதை யார் யாருக்காகக் கட்டினார்கள் என்பதைப் படம் சொல்லாது. இந்த இரண்டையும் பிரித்து எழுதும் பொறுப்பு செய்தி எழுதுபவருக்கு உண்டு. அதைச் செய்யாத கட்டுரைகளைக் கண்டால் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. ஏனென்றால் அந்த எழுத்தைப் படித்துவிட்டுக் கவலைப்படுபவர்கள் எல்லையிலும் கடலிலும் பிள்ளைகளை நிறுத்தியிருக்கும் பெற்றோர்கள்.

கேள்வி: ஒரே இடத்தில் நிற்கும் ரேடார் போர் மூண்டால் ஒரு நாள்கூடத் தாங்காது என்பது என் எண்ணம். அப்படியிருக்க இவ்வளவு செலவு எதற்கு? (கம்மவான்பேட்டையிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்)

ஊர்முழுக்க வீரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊரிலிருந்து வந்த கேள்வி. மேலோட்டமாகப் பதில் சொல்ல முடியாது. தகராறுக்குரிய தீவில் ஒரு ரேடார் உண்மையான போரைச் சந்தித்த நிகழ்ச்சி வரலாற்றில் இருக்கிறது. அதையே பார்ப்போம்.

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிரிட்டனிடமிருந்து கைப்பற்றியது. தலைநகர் ஸ்டான்லியில் அமெரிக்கத் தயாரிப்பான ஒரு நீண்டதூரக் கண்காணிப்பு ரேடாரை நிறுவியது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கிழக்கே வெகுதொலைவில், அந்த ரேடாரின் அடிவானத்துக்கு அப்பால் நின்றன. ஆகவே கப்பல்கள் தெரியவில்லை. ஆனால் அவற்றிலிருந்து கிளம்பும் ஹாரியர் விமானங்கள் உயரம் எடுக்கும்போது திரையில் தோன்றும். திரும்பும்போது ஓரிடத்தில் மறையும். அர்ஜென்டின வீரர்கள் அந்தத் தோன்றும் இடங்களையும் மறையும் இடங்களையும் பொறுமையாகக் குறித்து வைத்து, கப்பல்கள் ஏறத்தாழ எங்கே நிற்கின்றன என்று ஊகித்தார்கள். பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்தவற்றிலிருந்து கணித்த அந்தத் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அதை அழிக்கப் பிரிட்டன் பட்ட பாட்டைப் பாருங்கள். அட்லாண்டிக்கின் நடுவே 6,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து, வானிலேயே பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வல்கன் குண்டுவீச்சு விமானம் வந்தது. ரேடாரின் அலையையே பின்பற்றிச் சென்று தாக்கும் ஏவுகணைகளை மே 31 அன்று அந்த நீண்டதூர ரேடார் மீது ஏவியது. ரேடாருக்குச் சிறு சேதந்தான். விரைவில் சரிசெய்து மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஜூன் 14 அன்று அர்ஜென்டினா சரணடைந்தது ரேடார் போனதால் அல்ல.

எனவே ஒரு நாள்கூடத் தாங்காது என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அதேசமயம் இன்றைய துல்லிய ஏவுகணைகள் அன்று இல்லை. ரேடார் இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எதிரியின் கையில் முன்கூட்டியே இருக்கும்போது, அதன் அலையைப் பின்தொடர வேண்டிய தேவைகூட இல்லை. அலையை நிறுத்திவிட்டாலும் தப்ப முடியாது. போருக்குப் பின் பிரிட்டன் ஃபாக்லாந்தில் செய்ததையும் கவனியுங்கள்: மவுண்ட் கென்ட், மவுண்ட் ஆலிஸ், பைரன் ஹைட்ஸ் என்ற மூன்று மலைகளின் உச்சியில் தனித்தனியாக மூன்று ரேடார்களை வைத்தது. ஒன்று போனாலும் இரண்டு இருக்கும். 450 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது கப்பல் 39 கிலோமீட்டரில் அல்ல, 100 கிலோமீட்டருக்கும் மேல் தெரியும். பவளத்திட்டில் ஒதுங்க மலையும் இல்லை, இடம் மாற்றி வைக்கப் பரப்பும் இல்லை.

ஆனாலும் செலவு வீண் அன்று. 2018-இல் அமெரிக்க அட்மிரல் பிலிப் டேவிட்சன் தம் நாட்டு செனட்டுக்கு அளித்த எழுத்துபூர்வமான விடையில், அமெரிக்காவோடு போர் என்ற நிலை ஒன்றைத் தவிர மற்ற எல்லா நிலைகளிலும் தென்சீனக் கடலைக் கட்டுப்படுத்தும் திறனைச் சீனா பெற்றுவிட்டது என்று கூறினார். உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. இந்த ரேடார்கள் போர் நடக்கும் அந்தச் சில நாட்களுக்காக அல்ல, போர் நடக்காத ஆயிரக்கணக்கான நாட்களுக்காக வைக்கப்பட்டவை. ஒரு வியட்நாமிய எண்ணெய் ஆய்வுக் கப்பலோ பிலிப்பைன்ஸ் மீனவர் ஒருவரின் படகோ துறைமுகத்தைவிட்டு வெகுதூரம் வருவதற்குள், அது வருவது தெரிந்து, எதிரில் ஒரு கடலோரக் காவல் கப்பல் வந்து நிற்கிறது. ஒரு குண்டும் சுடப்படவில்லை. ஆனால் அந்த மீனவர் வலை வீசாமல் திரும்புகிறார். இதுவே என்னை மிகவும் வருத்தும் பகுதி.

கேள்வி: நடுக்கடலில் இக்கருவிகளைப் பராமரிப்பது கடினமா? (பேரணாம்பட்டிலிருந்து ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர்)

மிகவும் கடினம், தம்பி. கடலோரத்தில் நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் காலையில் முதல் வேலை ஒரு சிறு கண்ணாடிக் குடுவையைப் பார்ப்பது. அதிலுள்ள சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாக இருந்தால் நிம்மதி. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். ரேடாரின் ஆற்றல் செல்லும் உலோகக் குழாய்க்குள் உலர்ந்த காற்றை அழுத்தத்தோடு நிரப்பி வைத்திருப்போம். ஈரம் சேர்ந்தால் உள்ளே தீப்பொறி பறந்து, குழாயின் சுவர் கரிந்துவிடும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியிருந்த எங்களுக்கே மழைக்காலத்தில் அந்த மணிகளை அடிக்கடி எடுத்துச் சூடாக்கி நீலமாக்க வேண்டியிருந்தது. நாற்புறமும் உப்புக் காற்று வீச, இரும்பும் அலுமினியமும் தொடும் ஒவ்வொரு இணைப்பும் அரிக்க, புயலும் வந்துபோகும் ஒரு திட்டில் அந்தப் பணியைச் செய்பவர் எந்த நாட்டவரானாலும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கேள்வி: மணலைக் கொட்டி ரேடார் வைத்துவிட்டால் சுற்றியுள்ள கடலும் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா? (திருப்பத்தூரிலிருந்து வழக்கறிஞர் ஒருவர்)

ஆகாது. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, செயற்கைத் தீவுக்குத் தீவு என்ற தகுதி இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையந்தான். பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று நடுவர் மன்றம், மிஸ்சீஃபும் சூபியும் இயற்கையில் கடல் பொங்கும்போது மூழ்கிவிடும் திட்டுகள் என்றும், ஃபயரி கிராசும் குவார்ட்டெரானும் 12 கடல்மைலுக்கு மேல் உரிமை தராத வெறும் பாறைகள் என்றும் தீர்ப்பளித்தது. தைவான் வசமுள்ள இட்டு அபா என்ற இயற்கையான தீவுக்குக்கூட 200 கடல்மைல் உரிமை இல்லை என்றது. தீவின் இறையாண்மை யாருக்கு என்ற கேள்விக்குள் மன்றம் போகவில்லை. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை. நிறைவேற்றி வைக்க எவரிடமும் வழி இல்லை.

கேள்வி: கச்சத்தீவில் ரேடார் வைத்தால் நமக்கு ஆபத்தா? (காட்பாடியிலிருந்து ஒருவர்)

கச்சத்தீவு 1974 உடன்படிக்கையின்படி இலங்கையின் பக்கம் சென்றது. அந்த முடிவைப் பற்றித் தமிழ்நாட்டின் மனக்குறை வேறு பொருள். ரேடார் கணக்கில் மட்டும் பார்த்தால், மேலே சொன்ன 39 கிலோமீட்டரை நினைவுகூருங்கள். பாக் நீரிணை குறுகியது. இருகரையிலும் உள்ள ரேடார்களுக்கே அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நம் கடற்கரையிலும் தீவுகளிலும் முதற்கட்டமாக 46 கடலோர ரேடார் நிலையங்கள் நிறுவப்பட்டன. 285 ஏக்கர் பரப்புள்ள அந்தச் சிறு தீவில் இன்னொரு ரேடார் சேர்வதால் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படாது.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே அரக்கோணம் கடற்படை விமானங்கள் அடிக்கடி பறக்கின்றன. இந்தத் தீவு ரேடார்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று என் மாமியார் கேட்கச் சொன்னார். (அரக்கோணத்தை அடுத்த கிராமத்திலிருந்து குடும்பத்தலைவி ஒருவர்)

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சம்பந்தம் உண்டு. 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி தளத்துக்கு 2013 மே மாதம் பி-8ஐ என்ற கண்காணிப்பு விமானம் வந்து சேர்ந்தது. இரண்டு ஜெட் எஞ்சின்களோடு பயணிகள் விமானம்போலவே தோன்றும் அதன் மூக்குப் பகுதியில் ரேடார் இருக்கிறது. தீவு ரேடாருக்கு 20 மீட்டர் கோபுரம் என்றால், இதற்கு 9,000 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கப்பலின் உச்சி 400 கிலோமீட்டர் வரை அடிவானத்துக்குள் இருக்கும். அது நிற்கும் இடத்தை எவரும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைக்க முடியாது. ஆனால் பத்து மணி நேரம் பறந்தால் இறங்கியே ஆக வேண்டும். திட்டில் உள்ள ரேடாரோ இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று எந்தக் கடற்படையும் சொல்லாததற்கு இதுவே காரணம். 2014 மார்ச்சில் மலேசிய விமானம் ஒன்று 239 பேருடன் மறைந்தபோது அதைத் தேடுவதற்கும் பி-8ஐ விமானங்கள் சென்றன. இரவில் உங்கள் கூரைக்கு மேலே அந்த ஒலி கிழக்கு நோக்கிப் போகும்போது, பெரும்பாலும் அது வங்காள விரிகுடாவுக்குத்தான் போகிறது. விடிவதற்குள் திரும்பிவிடும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.